காட்டுக்குத் தோட்டத்துப் புல்லைக் கொடுக்காதீர்கள்

வறண்ட மாவட்டங்களுக்குத் தீவனத் திட்டம் வகுக்கும் கால்நடைத் துறை அதிகாரிகளுக்கும், எங்கள் பக்கத்துப் பால் உற்பத்தியாளர் சங்கங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மூலனூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கட்டுத்தறியில் இப்போது 4 கறவை மாடுகள், ஒரு சினைக் கிடாரி. பட்டியில் 20 செம்மறி. விடிகாலை நாலரைக்கு எழுந்து பால் பீய்ச்சி, ஆறு மணிக்குள் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவேன். 22 ஆண்டாக இதுதான் என் காலை. மாடு எனக்குச் சோறு போட்டிருக்கிறது, என் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அடுத்த நிதியாண்டுக்கு எந்தத் தீவனப் பயிருக்கு எவ்வளவு மானியம், எந்த விதை எவ்வளவு கொள்முதல் என்பதெல்லாம் மாசி, பங்குனிக்குள் முடிவாகிவிடும். இப்போது தை. முடிவெடுப்பதற்கு முன் உங்கள் காதில் ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் கொங்கு நாட்டில் நிலத்துக்கு மூன்று பெயர் உண்டு. வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல். கிணற்றிலிருந்து இறைத்தால் தோட்டம். வானத்தை மட்டும் நம்பி இருந்தால் காடு. காடு என்றதும் பிற மாவட்டத்துக்காரர்கள் மரம் அடர்ந்த வனத்தை நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் காடு என்றால் மானாவாரிப் பூமி. இந்த மூன்று நிலத்திலும் விளைவது வேறு, மேய்வது வேறு, வேலையும் வேறு. ஆனால் தீவனம் என்று வரும்போது மட்டும் மூன்றுக்கும் ஒரே புல்லை நீட்டுகிறோம். கூட்டமோ பயிற்சியோ கண்காட்சியோ, எங்கே போனாலும் திரும்பி வரும்போது கையில் கம்பு நேப்பியர் புல்லின் கரணைக் கட்டு, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டுகள், இருக்கும். அது தோட்டத்துப் புல். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் காடு.

நேப்பியரைக் குறை சொல்ல வரவில்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில் அதைப்போல விளைகிற புல் இல்லை. கோ 4 ரகம் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 150 டன்னுக்கு மேல் பசுந்தீவனம் தரும் என்று வேளாண் பல்கலைக்கழகக் குறிப்புகள் சொல்கின்றன. 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம், மாடு ஆசையாகத் தின்னும். நானே 40 சென்ட்டில் போட்டிருந்தேன். 2013-ல் நட்டது. மூன்று ஆண்டு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் புல்லை நம்பி 4 மாட்டை 7 ஆக்கினோம்.

2016 புரட்டாசியிலிருந்து மழை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் போர்வெல் அதற்கு முன்பே, கார்த்திகையில், காற்றை மட்டும் கக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் பத்து நிமிடம் தண்ணீர், அப்புறம் இரண்டு நிமிடம், அப்புறம் குழாய் வாயில் புஸ்ஸென்று ஒரு சத்தம். நேப்பியர் தூர் ஒன்றொன்றாக வெளுத்தது. கீழே உள்ள இலைகள் வைக்கோல் நிறத்துக்கு வந்து, குருத்து மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நின்றது. அதையும் ஒரு நாள் அறுத்துப் போட்டேன். அதுதான் அந்தப் புல்லின் கடைசி அறுப்பு.

மாசியில் 3 மாட்டைச் சந்தையில் விற்றோம். ஒன்று ஈன்று 40 நாள் ஆன மாடு. வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. வண்டியில் ஏற்றும்போது கன்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. விற்றவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. அன்று சந்தையில் வாங்குகிற ஆட்களைவிட விற்கிற ஆட்கள்தான் அதிகம். எல்லோரும் தண்ணீரை நம்பிப் புல் வளர்த்தவர்கள், புல்லை நம்பி மாடு சேர்த்தவர்கள்.

அந்தக் கோடையில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் மகள் அப்போது பத்தாவது, அவள் நோட்டில் போட்டுக் காட்டினாள். ஒரு ஏக்கரில் 2 அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஒரு தண்ணி கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். நேப்பியருக்குப் பத்து நாளுக்கு ஒரு தண்ணி வேண்டும். மழை பெய்கிற நாட்களைக் கழித்து ஆண்டுக்கு 30 தண்ணி என்று வைத்துக்கொண்டாலும் 60 லட்சம் லிட்டர். எங்கள் பக்கத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அப்படியானால் ஒரு ஏக்கரில் வானம் ஆண்டு முழுவதும் கொட்டுவதே 24 லட்சம் லிட்டர். அதாவது ஒரு ஏக்கர் நேப்பியர் குடிப்பது, இரண்டரை ஏக்கரில் பெய்கிற மொத்த மழைக்குச் சமம். பெய்த மழை முழுவதும் நிலத்தடிக்கும் போவதில்லை. சொட்டுநீர் போட்டால் குறையும் என்பீர்கள். பாதியாகக் குறைந்தாலும் 30 லட்சம் லிட்டர். வருவதைவிடக் கூடுதலாக எடுக்கிறோம் என்பது மாறவில்லை.

இன்னொன்று. நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். 30 கிலோ புல்லைத் தலையில் சுமந்து வந்து போட்டால் மாட்டுக்குக் கிடைக்கிற உலர்பொருள் 6 கிலோ. 400 கிலோ எடையுள்ள ஒரு கறவைக்கு நாளுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். பசுந்தீவனத்தை டன்னில் சொல்லும்போது இது மறைந்துவிடுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரின் விலையும் கணக்கில் வருவதில்லை. அந்த இலவச மின்சாரத்தை நானும் வாங்குகிறேன், அது இல்லாவிட்டால் எங்களால் விவசாயம் செய்யவே முடியாது. அதைக் கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் கீழே இருந்து எடுப்பதற்கு ஒரு கணக்கு வேண்டும் அல்லவா?

இனி காட்டைப் பற்றிச் சொல்கிறேன். இதை நான் கற்றுக்கொண்டது என் மாமனாரிடம்.

நான் பிறந்தது அமராவதிப் பாசனத்து வயல் ஊர். 2002-ல் மருமகளாக இங்கே வந்தபோது, வீட்டுக்கு மேற்கே 5 ஏக்கர் வெறுமனே கிடப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். உழவு இல்லை, பயிர் இல்லை. சுற்றிலும் முள் வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். “இவ்வளவு பூமியைச் சும்மா போட்டு வெச்சிருக்கீங்களே மாமா” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “அம்மிணி, இது சும்மா கெடக்கல. இது கொறங்காடு. பஞ்சத்துல இதுதான் நம்ம மாட்டக் காப்பாத்தும்” என்றார். எனக்குப் புரிய 15 ஆண்டு ஆனது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி பக்கங்களில் பிறந்தவர்களுக்குக் கொறங்காட்டை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது பொது மேய்ச்சல் நிலம் இல்லை. அவரவர் பட்டா நிலத்தில் அவரவர் வளர்த்து வைத்திருக்கிற மேய்ச்சல் காடு. மூன்று செடிகள் சேர்ந்து அதை நிற்க வைக்கின்றன. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. காங்கேயம் மாட்டைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 2017 தையில் ஜல்லிக்கட்டு வேண்டும் என்று காளைக்காக மெரினாவில் ஒரு வாரம் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள், என் மகனும் போக வேண்டும் என்று நின்றான். காளையை வளர்க்கிற புல்லைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே மாதத்தில்தான் இங்கே மாடுகள் தீவனம் இல்லாமல் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன.

கொழுக்கட்டைப் புல்லின் தூரைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? சுலபத்தில் வராது. கடப்பாரை போட வேண்டும். மேலே எல்லாம் கருகிச் சாம்பல் நிறமாகக் கிடக்கும், தூரின் அடியில் விரலால் பிளந்தால் வெளிர்பச்சையாக ஒரு கணு இருக்கும். 2017 கோடை முழுக்க என் காட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. ஆறாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூரிலும் குருத்து விட்டிருந்தது. விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை, உரம் போடவில்லை. நேப்பியர் இருந்த 40 சென்ட்டில் ஒரு பச்சை இல்லை. அன்று கடவுப் படலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். மாமனார் அதற்கு முந்தின ஆண்டே காலமாகிவிட்டார்.

வெள்வேல் இன்னொரு அதிசயம். பல மரங்கள் மழைக்காலத்தில் கொடுக்கும். இது கோடையில் கொடுக்கும். சித்திரை, வைகாசியில் தரையில் ஒன்றும் இல்லாதபோது காய் பழுத்து உதிரும். செம்மறியும் மாடும் மரத்தடியை விட்டு நகராது. தின்ற காயின் விதை பட்டிக்கு வந்து எருவில் விழுந்து, அந்த எருவைக் காட்டில் கொட்டினால் அங்கே கன்று முளைக்கும். இலை சிறியது என்பதால் நிழல் புல்லைக் கெடுக்காது. இந்த மரங்களை விறகுக்கு வெட்டி விற்பது பல ஆண்டாக நடக்கிறது. ஒரு முறை விற்றால் ஒரு மாதச் செலவுக்கு ஆகும். வளர்ந்து மறுபடி காய்க்கப் பல ஆண்டு ஆகும்.

கிளுவை வேலி செலவில்லாத வேலி. மழைக்கு முன் கிளையைப் போத்தாக வெட்டி நெருக்கமாக நட்டால் போதும். ஆடு நுழையாது. வேலி இருப்பதால் மாட்டை ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம், மேய்க்க ஆள் வேண்டாம். கூலி ஆள் கிடைக்காத இன்றைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் 5 ஏக்கரை மாமனார் கிளுவையால் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்றில் மேயும்போது மற்றது தழையும். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பக்கத்தை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவார்.

இதில் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. கொழுக்கட்டைப் புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 16 டன் வரை என்பதே பல்கலைக்கழகக் கணக்கு, அதுவும் நன்றாகப் பராமரித்தால்தான். நேப்பியரில் பத்தில் ஒரு பங்கு. நாளுக்கு 15 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டைக் கொறங்காட்டை மட்டும் நம்பி வைத்திருக்க முடியாது. என் மாடுகளுக்கும் புண்ணாக்கும் தவிடும் வைக்கிறேன், பசுந்தீவனமும் கொஞ்சம் அறுக்கிறேன். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். ஏக்கருக்கு எத்தனை டன் என்று மட்டும் அளந்தால் அது தோற்றுவிடும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உலர்பொருள், மழை இல்லாத ஆண்டில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள். உங்களிடம் நான் கேட்கிற முதல் காரியம் இதுதான். திட்ட அறிக்கையில் ‘பசுந்தீவன உற்பத்தி’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘தேவைப்படும் தண்ணீர்’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். மீதி தன்னால் மாறும்.

அடுத்தது தட்டு, அதாவது சோளப் பயிரின் தண்டும் இலையும். புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் காட்டில் சோளம் விதைத்து, தையில் அறுத்து, காயவைத்துப் போர் போடுவது எங்கள் முன்னோர் வழக்கம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தட்டுப்போர் இருந்த ஊர் இது. பெண் கொடுப்பதற்கு முன் போரின் உயரத்தைப் பார்ப்பார்கள் என்று மாமியார் சொல்வார். இப்போது டெல்டாவிலிருந்து லாரியில் வருகிற வைக்கோலுக்குக் காத்திருக்கிறோம். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மழை நின்று பெய்தால் எங்கள் காட்டில் ஏக்கருக்கு 2 டன்னுக்குக் குறையாமல் காய்ந்த தட்டு கிடைக்கிறது. சோளத்தோடு தட்டைப்பயறோ நரிப்பயறோ கலந்து விதைத்தால் சத்தும் கூடும், மண்ணும் கெடாது. மாட்டுக்கு நாளுக்கு 6 கிலோ என்றால் கோடை 5 மாதத்துக்கு 900 கிலோ போதும். அதாவது ஒரு ஏக்கர் மழைத் தட்டு 2 மாட்டைக் கோடை தாண்ட வைக்கும். மெஷினில் நறுக்கிப் போட்டால் வீணாவதும் குறையும்.

சோளத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஆடியில் எங்கள் பெரிய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் புகுந்துவிட்டது. ஒரு மழைக்கு முளைத்து, அப்புறம் காற்றில் வாடிப் போன இளந்தட்டு, முழங்கால் உயரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நேற்றைய ஈரம் இன்றைக்கு இருக்காது. பத்து நிமிடம்தான் மேய்ந்திருக்கும். ஓட்டிக்கொண்டு வரும்போதே கால் பின்னியது. வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறியது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு கூடும் என்றும், உடனே தெரிந்தால் சோடியம் தயோசல்பேட் ஊசி இருக்கிறது என்றும் அவர் சொன்னார். பூ எடுத்த சோளத்தில் இந்தப் பயம் பெரிதாக இல்லை. வெட்டி நன்றாகக் காயவைத்தாலும் நஞ்சு பெரும்பாலும் போய்விடும். வறட்சிக்குப் பின் மழை பெய்து மறுபடி துளிர்க்கிற தட்டுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. விதைப் பொட்டலம் கொடுக்கும்போது இந்த நான்கு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து உள்ளே வையுங்கள். வயதானவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். புதிதாக மாடு வாங்குகிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

விதை என்றதும் நினைவுக்கு வருகிறது. காட்டுத் தீவனம் பரவாததற்குப் பெரிய காரணம் விதை கிடைக்காததுதான். நேப்பியர் கரணை எங்கும் கிடைக்கிறது. கொழுக்கட்டைப் புல் விதை, முயல்மசால், வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடிகளின் விதை கேட்டால் பல நேரம் இல்லை என்றுதான் பதில். வந்தாலும் கார்த்திகையில் வரும், மழை முடிந்த பிறகு அந்த விதையை வைத்து என்ன செய்ய? புல் விதையின் குணமும் பலருக்குத் தெரிவதில்லை. கொழுக்கட்டைப் புல் விதையைப் பறித்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. ஆறு மாதமாவது உறங்க வேண்டும். அதன் மேல் பஞ்சு போல ரோமம் இருப்பதால் காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்து தூவி, முள் கிளையைக் கட்டி ஒரு இழுப்பு இழுத்து லேசாக மூட வேண்டும். ஆழமாகப் போனால் முளைக்காது. முயல்மசால் வேறு மாதிரி. அதன் தோல் கடினம். சுமார் 80 டிகிரிச் சூட்டு நீரில் நாலு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் விதைத்துவிட்டு, மட்ட விதை கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த விதைகளைச் சங்கங்களே உற்பத்தி செய்யலாம். புல் விதை ஒரே நாளில் முற்றாது. தினமும் காலையில் போய் முற்றிய கதிரை மட்டும் உருவி எடுக்க வேண்டும். பால் ஊற்றிவிட்டு வீடு திரும்பும் பெண்கள் அதைச் செய்வோம். நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. வறண்ட நிலத்துக்கென்று ஜோத்பூரில் 1959-லிருந்தும், புல்லுக்கும் தீவனத்துக்கும் என்றே ஜான்சியில் 1962-லிருந்தும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் நமது பல்கலைக்கழகமே கொழுக்கட்டைப் புல்லில் ரகம் வெளியிட்டிருக்கிறது. அறிவு இருக்கிறது, கைக்கு விதை வரவில்லை.

சூபாபுல், அகத்தி, கிளைரிசிடியா போன்ற தழை மரங்களை வரப்பில் வைக்கச் சொல்கிறீர்கள், நல்லது. சூபாபுல்லை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதிகமானால் மாட்டுக்கு முடி கொட்டும். புதிதாக எந்த மரத்தைக் கொண்டுவந்தாலும் ஒரு முறைக்கு நாலு முறை யோசியுங்கள். குஜராத்தில் கட்ச் பக்கத்து பன்னி புல்வெளியில், உப்புப் பாலை பரவாமல் தடுக்க என்று 1960-களில் சீமைக் கருவேலத்தை நட்டார்கள். எருமை வளர்க்கிற மால்தாரி மக்களின் புல்லை அது மூடிவிட்டது. நம் இராமநாதபுரத்தில் நடந்ததும் நீங்கள் அறியாதது இல்லை.

இன்னொரு வருத்தம். அரசின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில், 5 ஆண்டுக்கு மேல் சாகுபடி செய்யாத நிலம் ‘சாகுபடிக்கு ஏற்ற தரிசு’ என்ற வகையில் போய் விழுகிறது. எங்கள் கொறங்காட்டுக்குக் கணக்கில் கிடைக்கிற பெயர் தரிசு. தரிசு என்று எழுதிய நிலத்தைக் காற்றாலைக்கோ சூரிய மின்சாரத்துக்கோ மனைக்கோ விற்கும்போது யாருக்கும் உறுத்தாது. விற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, அவரவர் கஷ்டம். ஆனால் நேப்பியர் நட்டால் மானியம் உண்டு, கொறங்காட்டை அப்படியே வைத்திருப்பவனுக்கு ஒன்றும் இல்லை என்றால், அவன் எதற்காக வைத்திருப்பான்? அதை ‘மேய்ச்சல் காடு’ என்று தனியாகப் பதியுங்கள். கிளுவை வேலி போடவும், வெள்வேல் கன்று வைக்கவும், புல் விதை தூவவும் ஏக்கருக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். நேப்பியர் மானியத்தில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பினாலே போதும்.

சங்கத்துத் தலைவர்களே, உறுப்பினர்களே, உங்களிடமும் ஒரு சொல். வறட்சி வந்த பிறகு மானிய வைக்கோலுக்கு வரிசையில் நிற்கிறோம். 80 கறவை உள்ள சங்கத்துக்குக் கோடைக்கு 72 டன் தட்டு வேண்டும். பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் தையில் ஒவ்வொருவரும் தன் மாட்டுக்குத் தேவையானதில் பாதியை விளைவித்தோ வாங்கியோ வைத்தால், மீதி 36 டன்னைச் சங்கம் அறுவடை விலையில் வாங்கி ஒரு கொட்டகையில் அடுக்கிவிடலாம். பால் பணத்தில் வாரம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் வாங்கும் விலைக்கும் தையில் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் அறிந்ததே. அப்புறம், மாட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மழை பொய்த்தால் இந்த மாடு எதைத் தின்னும்? பதில் இல்லாவிட்டால் 5 மாட்டுக்குப் பதில் 2 மாட்டுக்குக் கடன் கொடுங்கள். என்னிடம் 2013-ல் யாராவது அதைக் கேட்டிருந்தால் அந்த 3 மாட்டை நான் சந்தைக்கு ஓட்டியிருக்க மாட்டேன்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கு உங்களில் பலர் வருவீர்கள். அப்படி வரும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்கி எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வாருங்கள். பச்சையாக ஒன்றும் தெரியாது, சொல்லிவிடுகிறேன். வெயிலில் மண் வெடித்திருக்கும், புல் சாம்பலாக இருக்கும். வெள்வேல மரத்தடியில் செம்மறி காய் பொறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு தூரைப் பிளந்து அந்தப் பச்சைக் கணுவைக் காட்டுகிறேன்.

இந்தத் தையில் என் காட்டில் உருவிய கொழுக்கட்டைப் புல் விதை 6 கிலோ, துணிப்பையில் கட்டிப் பரண் மேல் இருக்கிறது. புரட்டாசிக்குள் உறக்கம் தெளிந்து முளைப்புக்கு வந்துவிடும். 2 ஏக்கருக்குப் போதும். எந்தச் சங்கமாவது தன் ஊரில் விதைத்துப் பார்க்கிறோம் என்றால் காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளட்டும். விளைந்த பிறகு அதே அளவு விதையை அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூலனூர்ப் பக்கத்துப் பால் உற்பத்தியாளர் ஒருத்தி